முதுகைக் காட்டினால் நெஞ்சு தெரியுமா?

கேள்வி: இருமலுக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க இரத்தினபுரிக்கு அனுப்பினார்கள். எடுப்பவரோ முதுகைக் காட்டி நிற்கச் சொல்கிறார். சீட்டில் ‘பி.ஏ.’ என்று வேறு எழுதியிருக்கிறது. பட்டம் கொடுத்துவிட்டார்களா?
– தோட்டத்து வாசகர், இறக்குவானை

பதில்: பரீட்சை எழுதாமல் கிடைக்கும் பி.ஏ. அது ஒன்றுதான்! கதிர் முதுகுவழி நுழைந்து நெஞ்சுவழி வெளியேறுகிறது என்பது அதன் பொருள். இதயம் நெஞ்செலும்புக்குப் பின்னால், முன்பக்கமாக இருக்கிறது. படம் பதியும் பலகையை நெஞ்சோடு அணைத்து நின்றால் இதயம் பலகைக்குக் கிட்ட வந்துவிடும். நிழல் அதிகம் பெருக்காது. குப்பி விளக்கருகே கையை நீட்டினால் லயத்துச் சுவரில் பூதம் தெரியும். சுவரோரம் கொண்டுபோனால் அது வெறும் கைதான். கதிர் வரும் குழாயை ஏறத்தாழ 6 அடி தள்ளி வைப்பதும் இதற்காகவே. தோளை முன்னே தள்ளச் சொல்வது, தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காதிருக்க. மூச்சை இழுத்துப் பிடித்தால் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விரியும். காசநோயின் வெண்திட்டு இருந்தால் அதில் ஒளிந்துகொள்வது கடினம்.

‘படுக்கையில் கிடப்பவருக்கு முன்பக்கமாகவே எடுக்கிறார்களே, அது மட்டும் சரியா?’ என்பீர்கள். வேறு வழியில்லாமல் எடுக்கும் அந்தப் படத்துக்கு ‘ஏ.பி.’ என்று பெயர். இதயம் அதில் உள்ளதைவிடப் பருத்துத் தெரியும். பி.ஏ. படத்தில் இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் உள்ளகலத்தில் பாதியைத் தாண்டினால் வைத்தியர் புருவத்தை உயர்த்துவார், ஏ.பி.யில் அதே அளவை வைத்து அவசரப்படமாட்டார். எந்தப் பக்கத்தால் எடுத்தது என்று படத்தில் குறிப்பது அதனால்தான்.