எனுக்கு இன்னாத்துக்கு?

உத்திரமேரூரைச் சுற்றியிருக்கிற எந்த ஊருக்குள் நுழைந்தாலும் தெருவுக்கு நாலு பேராவது இவரைப் போல் இருப்பார்கள். வயது ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கும். நாம் இவரை 'எனுக்கின்னாத்துக்கு அம்மா' என்று வைத்துக்கொள்வோம்.

தீபாவளிக்குப் புடவை எடுக்கலாமா என்று கேட்டால், "எனுக்கு இன்னாத்துக்கு? போன வருசத்துதே மடிப்புக் கலையாம கீது" என்பார். செருப்பு அறுந்துவிட்டதே? "ஊக்கு குத்தினா இன்னும் ஆறு மாசம் ஓடும்." கண்ணாடி மாற்ற வேண்டாமா? "நான் இன்னா கலெக்டருக்கா படிக்கறேன்?" அப்படிச் சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்க மட்டும் தெருவில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிடுவார்.

இட்லி ஊற்றினால் முதல் ஈடு மாமியாருக்கு, அடுத்தது வீட்டுக்காரருக்கு, அதற்கடுத்தது பிள்ளைகளுக்கு. துணியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தவை எல்லாம் இவருக்கு. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் இவர் தட்டுக்கு உருளைக்கிழங்கு மட்டும் வந்து சேரும். கேட்டால், "எனுக்குக் கறி அவ்ளோவா புடிக்காது." பிறந்த வீட்டில் நல்லி எலும்புக்காகத் தம்பியின் கையைக் கடித்தவர் இவர். அது அந்தத் தம்பிக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. சனிக்கிழமை வந்தால் அவருக்கு எண்ணெய்க் குளியல் தவறாது. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சுவது அம்மா. வெந்நீர் விளாவுவது அம்மா. சீயக்காய் கரைப்பது, முதுகு தேய்ப்பது, துண்டை எடுத்து நீட்டுவது, குளித்து வந்ததும் சூடாக மிளகு ரசம் ஊற்றுவது எல்லாம் அம்மாதான். ரசம் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்து, தெருவில் போகிறவர்களுக்கு அவர் அறிவுரை சொல்வார்: "உடம்ப அவங்கவங்கதான் பாத்துக்கணும்ப்பா." அந்த நேரத்தில் அம்மா உள்ளே, யாரும் வழுக்கி விழாமல் இருக்க, எண்ணெய் படிந்த தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற நேரமெல்லாம் போனில் அழகுக்குறிப்பு பார்ப்பாள். ஒருநாள் முகத்தில் கடலை மாவு பூசிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா பதறிப்போனார். "அடியேய், சாயங்காலம் பஜ்ஜிக்கு வெச்சிருந்த மாவுடீ அது!"

"நீயும் கொஞ்சம் போட்டுக்கம்மா. நம்மள நாமளே லவ் பண்ணணும்மா."

"அய்ய! இந்த வயசுலயா? உங்கப்பனுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

இவர் பக்கம் நியாயம் பேச ஊரில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தல் முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எல்லாரும் அதை ஓட்டுப் போடும் விஷயமாகவே படிக்கிறார்கள். அதில் ஓய்வு பற்றியும் அருமையான சட்டம் இருக்கிறது. ஏரிக்கு ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னுக்குப் பொன் வாரியம் என்று ஆள் போட்டார்கள். பதவிக் காலம் 360 நாள். அது முடிந்தால் இறங்கிவிட வேண்டும்; அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. 35 வயதுக்குக் குறைந்தவருக்கும் 70 வயதைத் தாண்டியவருக்கும் இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கு வாய்ப்பே கிடையாது.

இவ்வளவு யோசித்த பெரியவர்கள் அடுப்பங்கரைக்கு ஒரு வாரியம் போட மறந்துவிட்டார்கள். விளைவு, நம்முடைய அம்மா பத்தொன்பது வயதில் அங்கே பொறுப்பேற்றவர். வயது வரம்பு அன்றைக்கே மீறப்பட்டது. அதற்குப் பிறகு 360 நாள் எத்தனையோ முறை வந்துபோயிற்று. இவரை இறங்கச் சொல்ல ஆளில்லை. கணக்கு மட்டும் தினமும் ராத்திரி காட்ட வேண்டியிருக்கிறது: "போன வாரம் வாங்கின எண்ணெ அதுக்குள்ள இன்னா ஆச்சு?"

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். வந்தவரை அம்மா மாமியாரிடம் அழைத்துப் போவார். வீட்டுக்காரரைத் திண்ணையிலிருந்து எழுப்பிக் கையை நீட்டச் சொல்வார். பக்கத்து வீட்டுக் கிழவியையும் கூப்பிட்டு வருவார். கடைசியில் தானும் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தால், ரத்த அழுத்தக் கருவி 160 என்று காட்டும். "வெயில்ல வந்தேன்ல, அதான்." மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார். மிச்சமானதைத் தலைசுற்றுகிறது என்று வந்த எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுப்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. மாத்திரைச் சிக்கனத்தில் மிஞ்சுவது பக்கவாதம்தான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பாவம், இவருக்குத் தன்மேல் ஆசையே இல்லை என்று முடிவு கட்டினால் நாம்தான் ஏமாந்தவர்கள். ஆசை நிறையவே உண்டு. எல்லாம் வேறு யார் பெயரிலாவது பதிவாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு என்று இரண்டு முழம் மல்லி வாங்குவார். அம்மன் ஒரு முழத்தோடு திருப்தி அடைந்துவிடுவாள். மாமியாருக்கு முட்டிவலித் தைலம் வாங்க உத்திரமேரூருக்கு டவுன் பஸ்ஸில் போவார். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அந்தத் தைலம் உள்ளூர்க் கடையிலேயே இருக்கிறது. ஆனால் உள்ளூர்க் கடைக்குப் போக ஜன்னலோர சீட்டு கிடைக்குமா? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜில்லென்று ஒரு ரோஸ் மில்க் குடிப்பார். வீட்டுக்கு வரும்போது தைலத்தின் விலை இருபது ரூபாய் ஏறியிருக்கும். விலைவாசி அப்படி!

நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போகிற நாளில், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மர நிழலில் காலை நீட்டி அரைமணி நேரம் படுப்பார். வீட்டில் பகலில் படுத்தால், "உடம்புக்கு இன்னா?" என்று நாலு பேர் கேட்பார்கள். ஏரிக்கரையில் எல்லாரும் படுத்திருப்பதால் கேட்க ஆளில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத்தொகையைத் தொடங்கிவைத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய், இவர் பெயருக்கே. முதல் தடவை போனில் செய்தி வந்தபோது, "எனுக்கு இன்னாத்துக்கு?" என்று இவர் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. வீட்டில் கணக்கு வருவது தொள்ளாயிரத்துக்குத்தான். மிச்சத்தைக் கேட்டால் கடுகு டப்பா சொல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலே மேல்மருவத்தூர். செவ்வாடை கட்டி, சக்தி மாலை போட்டு, இருமுடி எடுத்துவிட்டால் அப்புறம் இவர் வீட்டு மனுஷி இல்லை, 'சக்தி'. வீட்டுக்காரர்கூட அதட்டிப் பேச யோசிப்பார். பெண்களே கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிற கோயில். வழிபாட்டு மன்றத்துப் பெண்களோடு வேனில் ஏறினால் வழியெல்லாம் பாட்டு, சிரிப்பு, புளிசாதம், ஊர்க்கதை. யாராவது சமைத்துப் போட, யாராவது தண்ணீர் கொடுக்க, உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுகிற நாள் வருடத்தில் இது ஒன்றுதான். "நேர்த்திக்கடன், இன்னா பண்றது!" என்று அலுத்துக்கொண்டே போவார். வேனில் முதலில் ஏறி உட்கார்ந்திருப்பதும் இவர்தான்.

மகளுக்கு இதெல்லாம் புரிந்துவிட்டது. போன வாரம் ஒரு யோசனை சொன்னாள். "நம்ம ஊர் கல்வெட்டுல கீற மாதிரியே செய்யலாம்மா. எல்லார் பேரையும் சீட்டு எழுதி சொம்புல போடலாம். சின்னப் பையனை உட்டு எடுக்கச் சொல்லலாம். யார் பேரு வருதோ, அந்த ஞாயித்துக்கெழம அவங்கதான் சமைக்கணும். உன் பேர மட்டும் போடக் கூடாது."

அம்மா சிரித்தார். "உங்கப்பனுக்கு உப்பு டப்பா எங்க கீதுன்னே தெரியாது. கையச் சுட்டுக்கும்டீ அந்தாளு."

"சுட்டுக்கட்டும். தைலம்தான் கீதே."

கொஞ்ச நேரம் யோசித்தார். அரிசியில் கல் பொறுக்குகிற கை நின்றது.

"சரி, செய்ங்க. ஆனா மன்றத்து வேன் கெளம்புற அன்னிக்கா பாத்து வெய்யி. நான் ஊட்ல இருந்தன்னா மனசு கேக்காது. எழுந்து போயி நானே தாளிச்சுடுவேன்."