அத்தைக்குக் காவல்காரன்

அத்தையின் ரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கூலாய் அரசாங்க கிளினிக்கில் சொன்னார்கள். எச்பிஏ1சி 6.1. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி 6.3 தொட்டால் நீரிழிவு. இடையில் மிச்சமிருந்த அந்த 0.2க்கு, யாரும் நியமிக்காமலே நான் காவல்காரன் ஆனேன்.

பயப்படக் காரணம் இருந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4. "மூணுல ஒருத்தருக்கு, அத்தை" என்றேன். "அப்போ மத்த ரெண்டு பேரு நானும் உங்க மாமாவும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

வேலை எனக்குச் சிங்கப்பூரில். அங்கே 2022 கடைசியிலிருந்து பானங்களுக்குச் சீனியையும் கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். அந்தத் தராசோடு பாலம் கடந்து வந்தேன். அத்தையின் தே தாரேக்கில் இறங்கும் டின் பாலில் எடைக்கு ஏறத்தாழப் பாதி சீனிதான். "இது டி கிரேடு" என்றேன். "உன் ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துப் போட்டவ நானு. டி எனக்குப் புதுசா?"

சரி, நடை. எல்லைக்கோட்டில் நிற்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. வாரம் 150 நிமிட நடை, உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பு என்று இலக்கு வைத்தவர்களிடம் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. அறுபதைத் தாண்டியவர்களிடம் 71. வயதானவர்களுக்குத்தான் பலன் கூடுதல் என்ற உற்சாகத்தில் அத்தையை மாலையில் தாமானைச் சுற்றி அழைத்துப் போனேன். வழியெல்லாம் கேட் திறந்தது. ஒரு வீட்டில் மைலோ, அடுத்த வீட்டில் கறிபாப். மறுத்துப் பேசத்தான் நான் கூடப் போனது. தட்டு நீண்டதும் முதலில் எடுத்தது என் கை.

பிறகு வாட்ஸ்அப். இதற்கும் ஆதாரம் வைத்திருந்தேன், அதுவும் நம் சென்னையிலிருந்து. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் குறுஞ்செய்தி அனுப்பியே இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு 27 விழுக்காட்டுக்குப் பதில் 18 விழுக்காட்டினருக்கு மட்டும் வந்தது. நானும் அனுப்பினேன். உட்லண்ட்ஸ் வரிசையில் பேருந்து நகராத இரவுகளில் வெள்ளைச் சோறு, பலகாரம், கால் புண் என்று வரிசையாகத் தட்டினேன். மறுநாள் விடியலில் முருகன் படம் போட்ட 'இனிய காலை வணக்கம்' ஒன்று பதிலாக வரும். எனக்கு மட்டுமல்ல, குடும்பக் குழுவுக்கே.

அந்த ஆய்வை முழுக்கப் படிக்காமலேயே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தேன். படித்தபோது வெட்கமாக இருந்தது. எந்த நேரத்தில் செய்தி வரலாம் என்று அங்கே அவரவரையே கேட்டிருக்கிறார்கள். மாறுவதற்கு ஒருவர் எவ்வளவு தயாராக இருக்கிறார் என்று பார்த்து அதற்கேற்பச் செய்தியை எழுதியிருக்கிறார்கள். அத்தையிடம் நான் எதையுமே கேட்டதில்லை. சொன்னதோடு சரி.

போய்க் கேட்டேன். பதில் தயாராக இருந்தது. "முதல்ல நீ வாரா வாரம் தூக்கிட்டு வர்ற அல்வாவை நிறுத்து. உனக்கு மனசு சங்கடப்படுமேன்னுதான் தின்னேன். சாயங்கால நடை வேணாம். தோட்டத்துல பெரட்டுக்கு எழுந்திரிச்ச உடம்பு இது. அஞ்சரைக்கு நடப்போம், அந்நேரம் எவ வீட்டு கேட்டும் திறக்காது." பால்மரம் வெட்டிய காலத்து நேரம் அது. எத்தனை கேட் திறக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, எப்போது திறக்காது என்று அவர் யோசித்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு அத்தை நடக்கத் தொடங்கினார். தே தாரேக் போய், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் வந்தது. சனி, ஞாயிறில் என்னையும் எழுப்பிப் பார்த்தார். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். இப்போது எழுப்புவதில்லை.

அடுத்த பரிசோதனையில் 5.8. கிளினிக் மிஸ்ஸி அட்டையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீட்டுல நல்லா கவனிச்சிக்கிறீங்க போல." அத்தை என்னைப் பார்த்தார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.