அழகு ஏறியது, பட்டன் இறங்கியது

பார்வை மங்கியவர்களுக்கு உதவ ஒரு பட்டன் வைப்பது. அவர்கள் அதை அழுத்திய மறுகணமே அதைக் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய் ஒளித்துவிடுவது. நம் ஊர் இணையதளக் கைவினைஞர்களின் இந்தச் சாதனைக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும். பொன்னாடை என் செலவு.

தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு அந்தப் பட்டன் மிதக்கும். தொட்டால் எழுத்தைப் பெரிதாக்கு, நிறத்தை மாற்று, கறுப்பு வெள்ளையாக்கு என்று விரியும். 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அரசுத் தளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009-இல் தொடங்கி, 2023-இல் மூன்றாம் பதிப்பையும் கண்டுவிட்டன. இத்தனையையும் யார் படிப்பது? ரெடிமேடாக ஒரு பட்டனை வாங்கி ஒட்டினால் அறிக்கையில் ‘டிக்’ விழுந்துவிடும்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் கண்புரை விழுந்த ஒரு பெரியவர், பேரனின் போனில் ‘கறுப்பு வெள்ளை’யை அழுத்துகிறார் என்று வையுங்கள். பக்கம் சாம்பலாகிறது. பட்டனைக் காணோம். பழைய நிறத்துக்குத் திரும்பும் வழியும் அதோடு போயிற்று. தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து போனைப் பேரனிடம் நீட்டுகிறார். கெடுத்தவர் ஏசி அறையில் அடுத்த டெண்டருக்கு ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

பட்டன் எங்கே போயிற்று? பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ‘பொசிஷன் ஃபிக்ஸ்டு’ என்று எழுதினால், பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் அந்தப் பொருள் திரையில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். 1998-இல் வந்த சிஎஸ்எஸ் இரண்டிலேயே கொடுத்த வாக்கு இது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பெட்டி ஏதாவது ஒன்றுக்கு ஃபில்டர், டிரான்ஸ்ஃபார்ம் என்று பூச்சு பூசினால், அந்தப் பெட்டியும் அதனுள் இருப்பவையும் ஒரே படமாகச் சேர்த்து வரையப்படுகின்றன. அதன்பின் பட்டன் தன் இடத்தைத் திரையிலிருந்து அளப்பதில்லை, பெட்டியிலிருந்து அளக்கிறது. முழுப் பக்கத்தையும் தாங்கும் ‘பாடி’க்கே சாம்பல் ஃபில்டர் போட்டால், திரையின் அடியில் நின்ற பட்டன் பக்கத்தின் அடிக்குப் போய்விடும். பக்கம் இருபது திரை நீளம் என்றால், பட்டன் இருபதாவது திரையில் உட்கார்ந்திருக்கும்.

பிழைச் செய்தி எதுவும் வராது. பிரவுசர் விதிப்படிதான் நடக்கிறது. விதியிலேயே இது எழுதியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்ம் செய்யும் இந்த வேலையைப் பற்றி சிஎஸ்எஸ் நிபுணர் எரிக் மேயர் 2011-இலேயே எழுதிவிட்டார். பக்கத்தின் வேரான ‘எச்டிஎம்எல்’ உறுப்பின் மேலேயே ஃபில்டரைப் போட்டால் பட்டன் நகராது என்ற விலக்கும் அதே ஃபில்டர் விதியில் உண்டு. ஒரு வரியை ஒரு படி மேலே நகர்த்தும் வேலை. இல்லையென்றால் பட்டனை அந்தப் பெட்டிக்கு வெளியே எடுத்து வைக்கலாம். இதற்குக் கமிட்டி தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ நடப்பதில்லை.

பாப்-அப் பெட்டிகளின் கதை இன்னும் கேவலம். பின்னணியை மங்கலாக்கி அறிவிப்பை முன்னே காட்டுகிறார்களாம்! அறிவிப்பும் அந்தப் பின்னணிப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், அதுவும் சேர்ந்து மங்கி, பக்கத்தின் நடுவில் எங்கோ போய்க் கிடக்கிறது. மூடும் குறி எட்டாத தூரத்தில். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று இதைப் பார்த்தவருக்குத்தான் அந்த அழகின் அருமை தெரியும்.

புகார் சொன்னால் ‘எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே இருக்கு’ என்பார்கள். இருக்கும். அங்கே பெரிய திரை. முகப்புப் பக்கத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அந்த உதவிப் பட்டனை ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு என்று வைத்ததை அவர்களில் ஒருவரிடம்கூடக் கொடுத்துப் பார்க்காதவர்களின் பில்லுக்கு எந்த அலுவலகமும் காசு கொடுக்கக் கூடாது.

இதே தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகள் சுமந்து ஏறின. கரடுமுரடான பாதைதான். கொண்டுபோன பொருள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை தளம் திறக்கும் விழாவுக்கு ரிப்பன் வாங்குவதற்கு முன், ஒரு பழைய போனை எடுத்துக்கொண்டு அந்த மலைக்கு ஏறி, ‘கறுப்பு வெள்ளை’யை ஒருமுறை அழுத்திப் பாருங்கள் ஐயா. வழி தெரியாவிட்டால் கழுதைகளைக் கேளுங்கள், அவற்றுக்குத் தெரியும்.