72 சர்வர்களும் ஒரு ஜாக்சன் துரையும்

ஐடி கம்பெனிகளில் இப்போது மைக்ரோசர்வீஸுக்குத்தான் மவுசு. மென்பொருள் முழுவதையும் ஒரே கோட்டையாக எழுப்பினால் அது மோனோலித், பழைய பஞ்சாங்கம். துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓடவிட்டால் மைக்ரோசர்வீஸ், சம்பளமும் கூடுதல்.

கட்டபொம்மன் ஆண்ட ஓட்டப்பிடாரம் பக்கம் வந்து இதைப் புதுச் சரக்கு என்று சொல்லிவிடாதீர்கள். விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 16-ஆம் நூற்றாண்டிலேயே மதுரைச் சீமையை 72 பாளையங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டை, தனிப் படை, தனிக் காவல். மதுரைக்குக் கப்பம், கூப்பிட்டால் படை. இவ்வளவுதான் ஏபிஐ, அதாவது சர்வீஸ்கள் பேசிக்கொள்ளும் ஒப்பந்தம். ஒன்று படுத்தாலும் மற்ற 71-உம் ஓடும்.

நாயக்கர்கள் போனார்கள். பிறகு வந்த ஆற்காட்டு நவாபு கடனில் மூழ்கினார். 1792 ஒப்பந்தத்தில் கப்பம் வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கும்பினிக்கு வந்தது. அட்மின் மாறிய சேதியைக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி சர்வீஸ் ஏற்கவில்லை. கப்பம் கேட்டால் மவுனம். 1798-ல் கலெக்டர் ஜாக்சன், 'நேரில் வா' என்றார். கட்டபொம்மன் குற்றாலம் போனார், துரை பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போனார், அங்கும் இல்லை. வெயிலில் ஊர் ஊராக ரீடைரக்ட் பண்ணி, கடைசியில் இராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். அதுவும் கைகலப்பில் முடிந்து கும்பினியின் லெப்டினன்ட் கிளார்க் செத்தார். விசாரணை நடந்து ஜாக்சனுக்கு வேலை போனது. தகும்.

1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, கோட்டையையும் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். ஆறே நாளில் கோட்டை எழும்பிவிட்டது! பேக்கப் எங்கே இருந்தது என்று கும்பினிக்காரனுக்கு விளங்கவே இல்லை. மண்ணும் ஆள்பலமும்தான் பேக்கப். மார்ச்சில் மோதிப் பார்த்துத் தோற்று, கூடுதல் படை வரவழைத்து மே மாதம்தான் பிடிக்க முடிந்தது.

டிசைனில் ஓட்டை இல்லாமலா? நடுவிலிருந்த மதுரை போய்விட்டால் 72-உம் யார் பேச்சைக் கேட்பது என்று அரியநாதர் எழுதிவைக்கவில்லை. பக்கத்து எட்டயபுரம் கும்பினியோடு சேர்ந்துகொண்டது. எல்லாம் முடிந்ததும் பாளையங்களை ஜமீன்களாக்கி, படையைப் பிடுங்கி, கும்பினி சுத்தமான மோனோலித் கட்டியது.

பாஞ்சாலங்குறிச்சியை உழுது ஆமணக்கு விதைத்து, ஊர்ப் பெயரையே ஆவணங்களிலிருந்து டெலிட் செய்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கோட்டை தமிழக அரசு 1974-இல் கட்டியது. நிச்சயமாக ஆறு நாளில் அல்ல.