புரோகிராம் ஓடவில்லையா? கவலையை விடுங்கள்!

மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பக்கம் ஐ.டி. படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, அதிலும் நாளைக்கு ஜர்னல் சப்மிஷன் வைத்துக்கொண்டு இன்றிரவு விழித்திருப்பவர்களுக்கு, இந்த வழிகாட்டி. ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஒரு சிக்கலைக்கூடத் தீர்க்காமல் படிப்பை முடித்துவிடலாம்.

முதலில், கேள்வியைப் படிக்காதீர்கள். ஜார்ஜ் போலியா என்ற கணிதப் பேராசிரியர் 1945இல் ஒரு புத்தகம் போட்டார். கணக்கைத் தீர்க்க நாலு படி சொன்னார்: கேள்வியைப் புரிந்துகொள், திட்டம் போடு, செய், செய்ததைத் திரும்பிப் பார். பாவம், சீனியர் அண்ணனின் பென்டிரைவ் அவருக்குக் கிடைத்ததில்லை. முதல் படியும் கடைசிப் படியும் நமக்கு எதற்கு? இரண்டாவதை அண்ணன் போன வருஷமே முடித்து வைத்திருக்கிறார். மிச்சம் காப்பி, பேஸ்ட்தான். மேலே அவர் பெயர் இருக்கும், அதை மட்டும் மாற்றிவிடுங்கள். ரோல் நம்பரையும்.

அடுத்து எர்ரர். சிவப்பு எழுத்தில் கொட்டும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன தவறு எல்லாம் அதிலேயே இருக்கும். அந்தப் பக்கம் கண்ணே போகக்கூடாது. சி புரோகிராமில் 40 எர்ரர் வந்தால் மேலே இருக்கும் முதல் ஒன்றைச் சரிசெய். மற்றதில் பாதிக்கு மேல் அதன் வாரிசுகள், தானாகப் போய்விடும் என்பார்கள் விவரமானவர்கள். பைத்தானில் கடைசி வரியை முதலில் பார் என்பார்கள். நமக்கு வேண்டாத விவரம். ஸ்கிரீனைக் கோணலாக மொபைலில் படம் பிடித்து, வரி எண் மட்டும் வெட்டுப்படும்படி, வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டு "பாய், சல் நஹி ரஹா" என்று எழுதுங்கள். மற்றவர்களுக்கும் ஓடவில்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும்.

அப்படியும் யாரும் வரவில்லையென்றால் ஒரே நேரத்தில் அஞ்சு இடத்தில் மாற்றுங்கள். ஓடினால் எதனால் ஓடியது என்று தெரியாது, ஓடாவிட்டால் எதனால் கெட்டது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றுவதெல்லாம் பொறுமைசாலிகள் வேலை. ஆயிரம் வரி புரோகிராமில் பாதியை மூடிவைத்து, தவறு எந்தப் பாதியில் என்று பார்த்து, அதையும் பாதியாக்கிக்கொண்டே போனால் பத்தாவது தடவைக்குள் பிடித்துவிடலாம்தான். அவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டால் லேப் முடியும் வரை எதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது?

காகிதத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். இதே மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னைக்காரரான ஆர். நரசிம்மன் தலைமையில் டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டி 1960இல் ஓடவிட்டார்கள். அதன் நினைவகம் 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். கணக்குப் பார்த்தால் 10 கிலோபைட். நீங்கள் அனுப்பிய அந்தக் கோணல் படம்கூட அதில் அடங்காது. அந்த இடத்துக்குள் வேலை வாங்க, ஓடவிடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டியிருந்தது. உங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி இருக்கிறது. நீங்கள் ஏன் யோசிக்க வேண்டும்?

கெட்ட சகவாசத்தைப் பற்றி முக்கியமான எச்சரிக்கை. தாராவி நயா நகர்ப் பக்கம் போகாதீர்கள். அங்கே சில வருஷங்களுக்கு முன் பள்ளிக்கூடச் சிறுமிகள் சேர்ந்து ஆப் செய்தார்கள். சொல்லிக்கொடுத்த நவ்நீத் ரஞ்சன் படம் எடுப்பவர், கம்ப்யூட்டர் வாத்தியார்கூட இல்லை. 'எந்த லாங்குவேஜில் செய்தால் பிளேஸ்மென்ட் கிடைக்கும்?' என்பதிலிருந்து அல்லவா தொடங்கவேண்டும்? அந்தப் பிள்ளைகள் பொதுக்குழாயிலிருந்து தொடங்கினார்கள். குடத்தோடு வரிசையில் நிற்பதில் பொழுது போகிறது, வரிசையைத் தாண்டினால் சண்டை. அப்படியானால் இடத்தைப் பிடிக்க ஆள் எதற்கு, போனில் முறையைப் பதிந்துகொண்டால் போதாதா? எம்.ஐ.டி.யின் ஆப் இன்வென்டரில் கட்டங்களை இழுத்துப் பொருத்தி 'பானி ஹை ஜீவன்' செய்தார்கள். உங்கள் முறை வந்ததும் போன் சொல்லும். பெண்களின் பாதுகாப்புக்கு 'விமன் ஃபைட் பேக்' என்று இன்னொன்று.

நீங்கள் டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பரில் மனப்பாடம் செய்து பெயிலாகிக் கேடி வாங்கும் அந்தக் கியூவேதான் இந்தக் குழாயடி வரிசை. அவர்கள் அதில் கால்கடுக்க நின்றே பாடத்தை முடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் உங்களுக்கும் விபரீதமான கேள்விகள் வரும்: முறை வந்தவர் வீட்டில் இல்லையென்றால்? ஒரே வீட்டில் இரண்டு பேர் பதிந்தால்? போனே இல்லாத பாட்டிக்கு யார் சொல்வது? இதெல்லாம் சிலபஸில் கிடையாது.

கடைசியாக வைவா. ஃபார்மல் சட்டை, கையில் ஜர்னல், முகத்தில் பணிவு. எக்ஸ்டர்னல் உங்கள் கோடில் ஒரு வரியைத் தொட்டு, "இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பார். பதறாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "அண்ணன் எடுத்ததில்லை, சார்."