ஆள் பார்த்து எரியும் விளக்கு

நடுராத்திரியில் யாராவது எழுந்து நடந்தால் தானாக எரிந்து, அவர் போய்ப் படுத்தபின் தானாக அணையும் சிறு விளக்கை வீட்டிலேயே செய்யலாம். வேண்டியவை: ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை, எச்.சி.-எஸ்.ஆர்.501 என்னும் பி.ஐ.ஆர். சென்சார், ஓர் எல்.இ.டி., 220 ஓம் ரெசிஸ்டர், சில ஜம்பர் வயர்கள், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பம். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

சென்சாரின் மேல் இருக்கும் வெள்ளைக் குமிழ் ஒரு பிரெனல் லென்ஸ். மனித உடம்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை அது உள்ளே இருக்கும் இரண்டு உணர் துண்டுகள்மேல் குவிக்கிறது. ஆள் குறுக்கே நடக்கும்போது ஒரு துண்டில் வெப்பம் கூடி மற்றதில் குறையும். அந்த வித்தியாசத்தைத்தான் கருவி கவனிக்கிறது. அசையாமல் நிற்பவர் அதன் கணக்கில் வீட்டிலேயே இல்லை. எதற்கு எழுந்தோம் என்று கூடத்தில் நின்று யோசிக்கும் வழக்கமுள்ள பெரியவர்கள், கையை ஆட்டியபடியே யோசிப்பது நல்லது.

மனிதத் தோலின் வெப்பம் சுமார் 33 டிகிரி செல்சியஸ். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையின் சுவரும் கோடையில் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கும். மார்கழியில் பூனையைக்கூட விடாமல் பிடிக்கும் சென்சார், அக்கினி நட்சத்திரத்தில் குறுக்கே போகும் மாமனாரைக் கண்டுகொள்ளத் தயங்குவதற்கு இதுவே காரணம். குடும்பப் பகை அல்ல. பல்லி எல்லா மாதமும் சுவரின் சூட்டிலேயே இருப்பதால் பெரும்பாலும் சிக்குவதில்லை.

மின்சாரம் வந்ததும் சென்சார் நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் பிடிக்கும். அதுவரை யாரும் இல்லாத இடத்திலும் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும். மின்வெட்டு முடிந்த இரவுகளில் மந்திரவாதியை அழைப்பதற்கு முன் அந்த ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

பகலில் எரியாமலிருக்க, வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆர். ஒன்றைச் சேர்ப்பதுண்டு. அதை எல்.இ.டி.க்குப் பக்கத்திலேயே வைத்தால், விளக்கு எரிந்ததும் விடிந்துவிட்டது என்று எண்ணி அது விளக்கை அணைக்கும். அணைந்ததும் இருட்டிவிட்டது என்று மறுபடி ஏற்றும். ஆள் நடமாட்டம் தொடரும்வரை இந்தத் தீபாவளியும் தொடரும்.

இணைப்பில் கஷ்டமில்லை: சென்சாரின் மூன்று கால்களில் ஒன்று 5 வோல்ட்டுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு, நடுக்கால் இரண்டாம் பின்னுக்கு. ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி. ஒன்பதாம் பின்னுக்கு.

இனி ஊனோ பலகையில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் பங்கு. நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புள்ள அந்தச் சில்லு, "யாராவது வந்தார்களா?" என்று இரவு முழுக்கச் சென்சாரைக் கேட்கும். ஆள் வந்ததைக் கண்டுபிடிப்பது சென்சார். எத்தனை நேரம் எரிய வேண்டும் என்று, சில நொடிகளிலிருந்து ஐந்து நிமிடம்வரை, தன் திருகிலேயே முடிவுசெய்வதும் சென்சார். எல்.டி.ஆர். பற்றவைக்கக்கூட அதன் பலகையில் இடம் உண்டு. தாசில்தார் கையெழுத்திட்ட தாளைப் பார்த்து இன்னொரு கையெழுத்துப் போட அமர்த்தப்பட்ட அதிகாரியின் வேலைதான் ஊனோவுக்கு. சம்பளம் மட்டும் அதிகம். காவல் காக்கும் சென்சாருக்கு 0.1 மில்லியாம்பியர்கூட வேண்டாம். ஊனோ பலகையோ சுமார் 45 இழுக்கும். ஒன்பது வோல்ட் பேட்டரியில் போட்டால் ஒருவரும் எழாத இரவிலும் விடிவதற்குள் பேட்டரி ஏறத்தாழ தீர்ந்துவிடும். பழைய செல்போன் சார்ஜரே தகுந்த வழி.

ஊனோவால் உருப்படியாக ஆகும் காரியம் ஒன்று உண்டு: 0 முதல் 255 வரை வெளிச்சத்தை மெல்ல மெல்ல ஏற்றி, தூக்கக் கண்ணைக் கூசவிடாமல் காப்பது. அது வேண்டாம் என்றால் பலகையை எடுத்துவிட்டு ஒரு டிரான்சிஸ்டரை வைக்கலாம். விளக்கு அப்படியே எரியும். வந்த விருந்தாளிக்குத் திறந்து காட்ட நிரல்தான் இருக்காது.