நாலு யுகத்திலும் பச்சை இல்லை

திருவண்ணாமலைக்கு நம் புராணக்காரர்கள் யுகத்துக்கு ஒரு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். கிருதயுகத்தில் நெருப்பு, திரேதாயுகத்தில் மாணிக்கம், துவாபரத்தில் பொன், கலியில் வெறும் கல். நாலையும் புரட்டிப் பார்த்துவிட்டேன், பச்சை என்ற பேச்சே இல்லை. இந்த மலையில் செடி வைக்கிறவன் புராணத்தை எதிர்த்துத்தான் மண்வெட்டி தூக்க வேண்டும்.

எனக்கு இந்த ஞானம் பிறந்தது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில். ரமணாசிரமம் பக்கத்தில் எங்கள் அடுக்ககம். பொது இடத்தில் ஒரு புங்கங்கன்று வைக்கலாமா என்று மூன்று மாதம் பேசினோம். இலை கொட்டும், காக்கா காரின் மேல் எச்சம் போடும், வேர் சம்ப்பை உடைக்கும். கடைசியில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: குரோட்டன்ஸ் தொட்டி இரண்டு.

ரமணரின் சீடர் கந்தசாமிக்கு இந்தப் பிக்கல் பிடுங்கல் கிடையாது. ரமணர் 1899 முதல் விரூபாட்ச குகையில் இருந்தார். கோடையில் அங்கே தண்ணீருக்குத் திண்டாட்டம். அதற்கு மேலே ஒரு சரிவு, முழுக்கச் சப்பாத்திக்கள்ளி. கந்தசாமி அந்தக் கள்ளியை வெட்டினார், தரையைச் சமன் செய்தார், தென்னை வைத்தார். கோரமும் பார்க்கவில்லை, சந்தாவும் வசூலிக்கவில்லை. மலைக்குச் சொந்தக்காரர் சிவபெருமான்; அவரும் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை. 1916-ல் ரமணர் அங்கே குடிபோனார், தாயார் அழகம்மாளும் உடனிருந்தார். 1922-ல் தாயார் மறைந்தபின் ஜாகை அடிவாரத்துக்கு இறங்கியது. அதுதான் இன்றைய ரமணாசிரமம்.

ரமணரே மரப்பித்து உள்ளவர்தான். ஒருநாள் மலையில் பிரம்மாண்டமான ஆலிலை ஒன்று கண்ணில் பட, இதற்கு மரம் எவ்வளவு பெரிதாக இருக்குமோ என்று தேடிக் கிளம்பினார். வழியில் புதருக்குள் இருந்த குளவிக்கூட்டில் தொடை இடித்தது. நாமாக இருந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கம் சாலை வரை ஓடியிருப்போம். அவரோ தப்பு தன் காலுடையது என்று காலை அங்கேயே நீட்டி, குளவிகள் கொட்டி முடிக்கும்வரை நின்றார். தொடை வீங்கியது. ஆலமரத்தை அவர் எட்டவே இல்லை. பிற்காலத்தில் ஆசிரமத்தில் ஒருவர் மாங்காய் பறிக்கிற சாக்கில் தழையை அடித்து உதிர்த்தபோது ரமணரிடம் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊர் என்ன செய்தது? கோடாலியை அனுப்பியது, ஆட்டை அனுப்பியது, மிச்சத்துக்குத் தீ வைத்தது. 1980-களில் மலை, கலியுக வர்ணனைக்கு அட்சரம் பிசகாமல் மொட்டைக் கல்லாக நின்றது. அப்போதுதான் உள்ளூர்க்காரர்களும் வந்து தங்கியவர்களும் சேர்ந்து கன்று சுமக்கத் தொடங்கினார்கள். நடுவதைவிடக் காப்பதுதான் பெரும்பாடு. எலுமிச்சைப்புல் காய்ந்தால் ஒரு தீக்குச்சி போதும், ராத்திரிக்குள் சரிவே காலி. ஆகவே கோடைக்கு முன்பே புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். பற்றிவிட்டால் பச்சைத் தழையால் அடித்து அணைக்கிறார்கள். கார்த்திகையில் நெய்யும் திரியும் உச்சிக்குத் தூக்கிப்போய்த் தீ மூட்டுகிற ஊரில், பங்குனியில் இன்னொரு கூட்டம் தீயை அணைக்க அதே மலையில் மூச்சிரைக்க ஓடுகிறது. அருணாசலேஸ்வரர் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கந்தசாமி தென்னை வைத்த அந்த இடத்துக்கு ஸ்கந்தாசிரமம் என்று பெயர். பெயரைக் கேட்டு முருகன் சந்நிதியைத் தேடாதீர்கள். அது கந்தசாமியின் பெயர். அங்கே நிழலில் உட்கார்ந்தால் அவரை ஒரு நிமிடம் நினையுங்கள். பீடியை மட்டும் கீழே இறங்கி வந்து பற்றவையுங்கள்.